இரண்டுக்கு ஒன்றா, ஒன்றுக்கு இரண்டா

சல்லடை அக்கா ஆறாம் வகுப்பில் மூன்று மாதம்தான் படித்தாள். அந்த மூன்று மாதத்துக்குள் பூச்சியத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டு என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்வதற்குள் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். வீட்டில் இரண்டு தம்பிகள், ஒரு கைக்குழந்தை. மூத்தவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள்.

இது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. நகரத்தின் கிழக்குப் பகுதிக்குக் குடிதண்ணீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்பது வருடமாக வேலை. ஆற்றுத் தண்ணீர் உள்ளே நுழையும் வாயில் இரும்புச் சல்லடைகள் நிற்கும். அவற்றில் சிக்கும் இலை, பை, செருப்பு, செத்த மீன் எல்லாவற்றையும் நீளக் கொக்கியால் வாரி எடுக்க வேண்டும். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். அதோடு மணிக்கு ஒரு தடவை நிலையத்தைச் சுற்றிவந்து, அளவு காட்டும் கருவிகளைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எண்களை எழுதுவாள். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் யாரையும் கேட்டதில்லை.

வேலைக்கு மனுப் போட்ட அன்று, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, "குறைஞ்சது ஆறாவது பாஸ் பண்ணியிருக்கணும்" என்றார். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது. கையில் பேனா. 'ஆறாம் வகுப்பு' என்று எழுதினாள். அது பாதி உண்மை. பக்கத்தில் 'தேர்ச்சி' என்று எழுதினாள். அது முழுப் பொய். யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. ஒன்பது வருடம் அந்த ஒரு வார்த்தை கோப்புக்குள் சத்தமில்லாமல் தூங்கியது.

இந்த வருடம் பள்ளிகள் திறந்த வாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். கருவிகளைப் பார்த்து எழுதும் ஊழியர்கள் எல்லோரும் ஆறாம் வகுப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்கள் ஆறு மாதத்தில் அலுவலகம் நடத்தும் கணக்குத் தேர்வை எழுதித் தேற வேண்டும். இரண்டும் இல்லை என்றால் நிலையத்துக்கு வெளியே வேறு வேலை.

சல்லடை அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். தேர்வு எழுதுகிறேன் என்று பெயர் கொடுத்தால், அப்போ நீ பாஸ் இல்லையா என்று கேட்பார்கள். பெயர் கொடுக்காவிட்டால் சான்றிதழைக் கேட்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒரு வார்த்தை விழித்துக்கொள்ளும்.

முதலில் படித்துவிடுவது, அப்புறம் வாயைத் திறப்பது என்று முடிவு செய்தாள். புத்தகம் வீட்டிலேயே இருந்தது. அவளுடைய ஒரே மகள் அந்த வாரம்தான் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

மகளுக்குப் பதினொரு வயது. வாய் மட்டும் நாற்பதுக்குக் குறையாது. மூன்றாம் நாளே அம்மாவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"என்னம்மா பண்றே என் புஸ்தகத்துல?"

"சும்மா பாக்கறேன்."

"சும்மா பாக்கறவங்க விரல் விட்டு எண்ண மாட்டாங்க."

தேர்வு எழுத வேண்டியிருக்கிறது என்று மட்டும் அம்மா சொன்னாள். 'தேர்ச்சி' விஷயத்தை விழுங்கிவிட்டாள். மகள் புத்தகத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "என் நோட்டுல எதுவும் எழுதக் கூடாது. பக்கத்தை மடிக்கக் கூடாது" என்று இரண்டு நிபந்தனை போட்டாள்.

அம்மாவுக்கு வேலை காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை. மாலையில் மகள் பாடம் எழுதும்போது இவள் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய ரிஜிஸ்டர் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குகளைப் பார்த்து எழுதிக்கொள்வாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், சல்லடைக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து அவற்றைப் போட்டுப் பார்ப்பாள். யாராவது வந்தால் தாள் இடுப்புக்குப் போய்விடும்.

பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண்களுக்கு மகள் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். நடுவில் பூச்சியம், வலது பக்கம் ஒன்று, இரண்டு, இடது பக்கம் கழித்தல் குறியோடு ஒன்று, இரண்டு. "இடது பக்கம் போகப் போகச் சின்னதாயிட்டே போகும். அதனால மைனஸ் எட்டு, மைனஸ் மூணைவிடச் சின்னது." அம்மா அந்தக் கோட்டை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தாள். ஆற்றுக் கிணற்றின் சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கும் நீர்மட்ட அளவுகோல் அப்படியே கண்முன் நின்றது. கோடை வந்தால் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். எண்ணுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கோட்டையும் சேர்த்து ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லியிருந்தார்கள், எழுதினாள்.

"அடிப்பாவி, ஒன்பது வருஷமா இதைத்தான் எழுதிட்டு இருந்தேனா!" என்றாள்.

பின்னத்துக்கு வீட்டுக்காரர் உதவிக்கு வந்தார். அவர் தையல்காரர், முன்னறையில் அவருடைய மெஷின். "எனக்குக் கால், அரை, முக்கால் நல்லாத் தெரியும். மூணுல ஒண்ணு, ஏழுல ரெண்டுன்னு வெட்டினா எந்தத் துணியும் தாங்காது" என்று ஒதுங்கிக்கொண்டார். அதற்கடுத்த பாடத்தில் எண்களுக்கு நடுவே எழுத்து வந்தது. எக்ஸ் என்றால் என்ன என்று தெரியாமல் அம்மா திணறியபோது மகள், "தெரியாத ஆளைக் கூப்பிடறதுக்கு ஒரு பேர் வேணுமில்ல, அதான். கணக்கு முடிஞ்சா யாருன்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

நான்காம் மாதத்தில் விகிதம் வந்தது. அந்தப் பாடத்தில் மகளே சறுக்கினாள். வகுப்பில் இருபத்து நான்கு பையன்கள், பதினெட்டுப் பெண்கள், பையன்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் என்ன என்று கேள்வி. மகள் 3:4 என்று எழுதி, மதிப்பெண்ணை இழந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"அதே மூணு, அதே நாலுதானே? எதுக்கு மார்க்கை வெட்டினாங்க?" என்று அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"இல்லம்மா. யாரை முதல்ல கேட்டாங்களோ அவங்க நம்பர்தான் முதல்ல வரணும். மாத்திப் போட்டா கதையே மாறிடும்."

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, நிலையத்துக்குப் புது மருந்து வந்தது.

தண்ணீரில் கிருமி சாகக் குளோரின் திரவம் கலப்பார்கள். நிலையத்தில் அதற்கு மருந்து என்றுதான் பெயர். கருவிகள் இருக்கும் பானல் அறையில் ஒரு சின்னப் பம்ப், அதற்கு ஒரு திருகு. அதில் நாற்பது என்று வைத்தால் மணிக்கு நாற்பது லிட்டர் மருந்து போகும். வருடக்கணக்காக அந்தத் திருகு நாற்பதை விட்டு அசைந்ததில்லை. பக்கத்துச் சுவரில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை: ஆபரேட்டரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது.

ஆபரேட்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். நல்ல மனிதர். மாற்று ஆளுக்குக் காய்ச்சல் என்பதால் முந்தின நாள் பகலிலிருந்து அவரே தொடர்ந்து வேலையில் இருந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குச் சல்லடை அக்கா அளவு எழுதப் பானல் அறைக்குள் வந்தாள். திருகு எண்பதில் இருந்தது. ரிஜிஸ்டரில் ஆபரேட்டர் எழுதியிருந்தார்: பத்து மணி, புது மருந்து, நாற்பதிலிருந்து எண்பது. பழைய பீப்பாயின் சீட்டில் வீரியம் ஐந்து சதவீதம். புதுப் பீப்பாயில் பத்து சதவீதம். மருந்தோடு வந்து கிளிப்பில் செருகியிருந்த தாளில் ஒரே ஒரு வரி: ஊற்ற வேண்டிய அளவு, பழைய மருந்து : புதிய மருந்து = 2 : 1.

அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். யாரை முதலில் சொல்லியிருக்கிறார்கள்? பழையதை. அப்படியானால் இரண்டு என்பது பழையதுக்கு. புதியதுக்கு ஒன்று. நாற்பது இருபதாகக் குறைய வேண்டும். இது எண்பதாக ஏறியிருக்கிறது.

மருந்து கலந்த தண்ணீர் மூடிய தொட்டி ஒன்றில் நாற்பது நிமிடம் நின்று, அதன் பிறகு ஊருக்குப் போகும். பத்து மணிக்குக் கலந்தது பத்து நாற்பதுக்குக் குழாயில் இறங்கும். அந்தக் குழாயின் முதல் இணைப்பு பெரிய ஆஸ்பத்திரி. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தம் சுத்தம் செய்யும் பிரிவு அங்கே இருந்தது. தண்ணீரில் குளோரின் ஏறினால் அந்த நோயாளிகளின் உயிருக்கே ஆபத்து, உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று பானலுக்கு மேலே ஒரு அட்டையில் ஆஸ்பத்திரியின் நம்பரோடு எழுதியிருந்தது. ஒன்பது வருடமாக அந்த அட்டையையும் அவள் தினம் துடைத்திருக்கிறாள்.

ஆபரேட்டர் போயிருந்த வடிகட்டும் கொட்டகைக்கு இன்டர்காமில் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடினாள். கொட்டகை நிலையத்தின் மறு கோடியில். ஆபரேட்டர் ஒழுகும் வால்வு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு, முழங்கை வரை நனைந்து நின்றார்.

"அண்ணே, மருந்து எண்பதுல இருக்கே. இருபதுதானே வரணும்?"

"புது மருந்தும்மா. டபுள்னு தாள்லயே போட்டிருக்கு."

"டபுள் பழசுக்குண்ணே. புதுசு ரெண்டு மடங்கு கெட்டி. பாதிதான் ஊத்தணும்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, இருபத்திரண்டு வருஷமா மருந்து ஊத்தறவன் நானு. ஆழம் தெரியாம காலை விடாதே. போய்ச் சல்லடையைப் பாரு."

திரும்பி ஓடிவந்தபோது பத்து இருபத்து நான்கு. நிலையத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் அம்மாவின் போன் அணைந்திருந்தது. தலைமை அலுவலகத்தில் கேட்டால் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். அவசரம், உடனே பேசச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்தாள்.

பிறகு இடுப்பிலிருந்த தாளை எடுத்து, நின்றபடியே எழுதினாள். ஐந்து பெருக்கல் நாற்பது, இருநூறு. பத்து பெருக்கல் எக்ஸ், இருநூறு. எக்ஸ், இருபது. கீழே இன்னொரு வரி. பத்து பெருக்கல் எண்பது, எண்ணூறு. இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு. கை வியர்வையில் தாள் ஒட்டியது. அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். அதே இருபது.

ஆனாலும் பயம் விடவில்லை. தான் யார்? ஆறாம் வகுப்பில் மூன்று மாதம் படித்தவள். தான் சொல்வது தப்பாக இருந்தால், கிருமி சாகாத தண்ணீர் அத்தனை வீட்டுக்கும் போகும். திருகைத் தொட்டால் விசாரணை வரும். கோப்பைத் திறப்பார்கள். தொடாமல் நின்றால் யாரும் அவளை ஒன்றும் கேட்கப்போவதில்லை. அளவு எழுதுகிறவள் எழுதினாள், அவ்வளவுதான்.

சுவர்க் கடிகாரம் பத்து இருபத்தொன்பது காட்டியது. எண்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சமையலை நினைத்தாள். உப்புக் கரைசல் இரண்டு மடங்கு கரிக்கிறது என்றால் குழம்பில் எவ்வளவு ஊற்றுவேன்? பாதிதான். எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்கலாம்.

திருகைப் பிடித்து இருபதுக்குத் திருப்பினாள். ரிஜிஸ்டரில் நேரத்தையும், எண்பதிலிருந்து இருபது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் அதுவரை கலந்தது தொட்டிக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. தொட்டியின் வெளிவால்வைச் சுற்ற இரண்டு ஆள் வேண்டும். அட்டையிலிருந்த நம்பருக்கு அடித்தாள்.

"கொஞ்ச நேரம் எங்க லைன்ல இருந்து தண்ணி எடுக்காதீங்க. மருந்து கூடிப்போச்சு. உங்க மேல்தொட்டித் தண்ணியை வச்சு ஓட்டுங்க."

"யார் பேசறது? அதிகாரியா?"

"இல்லைங்க. நிலையத்துல வேலை பார்க்கிறவ."

"இங்க பதினோரு பேரு மெஷின்ல இருக்காங்கம்மா. நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

அவள் தாளை இன்னொரு தடவை பார்த்தாள். "நிச்சயமா சொல்றேன். இப்பவே மூடுங்க."

போனை வைக்கவும் ஆபரேட்டர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவர் கண் நேராகத் திருகுக்குப் போனது.

"யார் தொட்டா இதை? நீயா?" குரல் அறையை நிறைத்தது. "உன் வேலையும் போகும், என் வேலையும் போகும், தெரியுமா?" அவர் கை திருகை நோக்கி நீண்டது.

அவள் நகர்ந்து வழி விட்டாள். தாளை மட்டும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "திருப்புங்கண்ணே, நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி இந்த மூணு வரியை மட்டும் படிச்சிடுங்க."

அவர் படித்தாரோ இல்லையோ, அதற்குள் போன் மணி அடித்தது. இன்ஜினியர் அம்மா. சல்லடை அக்காதான் எடுத்தாள்.

"என்ன அவசரம்?"

சொன்னாள்.

"கணக்குப் போட்டீங்களா? வரி வரியா படிங்க."

படித்தாள். ஐந்து பெருக்கல் நாற்பது. பத்து பெருக்கல் எக்ஸ். ஆபரேட்டர் இதற்குள் கிளிப்பிலிருந்த தாளை உருவிக் கண்ணருகே பிடித்திருந்தார். அவர் உதடு அசைந்தது. பழைய மருந்து, புதிய மருந்து. திருகை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

"வெளிவால்வை மூடுங்க," என்றார் இன்ஜினியர் அம்மா. "ரெண்டு பேரும் போங்க. இப்பவே."

அந்த வால்வுக்கு மாட்டுவண்டிச் சக்கரம் அளவு ஒரு இரும்பு வளையம். ஐம்பது சுற்றுச் சுற்றினால்தான் மூடும். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று தம் கட்டிச் சுற்றினார்கள். முப்பதாவது சுற்றில் ஆபரேட்டருக்கு மூச்சு வாங்கியது. "விடாதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். முடித்து நிமிர்ந்தபோது பத்து நாற்பத்து மூன்று.

தொட்டியின் வாயில் தண்ணீரைப் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டார்கள். தண்ணீரின் நிறம், ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிக் கறுத்தது. ஆபரேட்டர் சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். மூன்று நிமிடத் தண்ணீர் குழாயில் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி பத்து முப்பத்தைந்துக்கே தன் இணைப்புக் குழாயை மூடிவிட்டது என்று அரை மணி கழித்துத் தகவல் வந்தது. பதினொரு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொட்டி முழுவதையும் வடித்து விட்டார்கள். கிழக்குப் பகுதி வீடுகளில் அன்று மாலை வரை குழாயில் காற்றுதான் வந்தது.

விசாரணை வியாழக்கிழமை. மேசைக்குப் பின்னால் இன்ஜினியர் அம்மாவும் ஒரு அதிகாரியும். ஆபரேட்டர் முதலில் பேசினார். "தப்பு என்னோடது. அவங்க சொன்னாங்க, நான் கேக்கல." யானைக்கும் அடி சறுக்கும் என்று அதிகாரி ஆறுதலாக ஏதோ சொல்ல வந்தார். "யானை சறுக்கினா யானைக்குத்தான் வலிக்கும் சார். இது அப்படியா?" என்றார் ஆபரேட்டர்.

பிறகு அதிகாரி கோப்பைப் பிரித்தார். "ஆறாவது தேர்ச்சின்னு இருக்கு. சான்றிதழை இன்னும் நீங்க தரலையே?"

அவள் அந்தக் கேள்விக்காக இரண்டு நாளாக வார்த்தை தேடி வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டாள். "நான் தேறலைங்க. மூணு மாசம்தான் படிச்சேன். பொய் எழுதிட்டேன்."

இன்ஜினியர் அம்மா, "அப்போ அந்தக் கணக்கை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"என் பொண்ணு புஸ்தகத்துலதாங்க."

திருகைத் தொட்டதை மன்னித்தார்கள். பொய்யை மன்னிக்கவில்லை. கோப்பில் எச்சரிக்கை எழுதி, அளவு எழுதும் வேலையிலிருந்து அவளை நீக்கினார்கள். சல்லடையும் வளாகம் பெருக்குவதும் மட்டும். ஆனால் மற்றவர்களோடு தேர்வு எழுதலாம், தேறினால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. பட்டாலும் கையில் விளக்குமாற்றோடு பானல் அறை ஜன்னலைக் கடந்து போகும்போதெல்லாம் முகம் சுட்டது.

வீட்டில் மகளிடம் சொல்வதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது.

"நீ பொய் சொன்னியாம்மா?"

"ஆமா. ஒரு வார்த்தை. ஆனா பொய்தான்."

"என்கிட்டயும் சொல்லல."

"சொல்லல."

மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தையல்காரர் நடுவில் புகுந்து சமாதானம் செய்யப் பார்த்தார். "நீங்க உங்க துணியைப் பாருங்கப்பா" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். மூன்றாம் நாள் மாலை வடிவியல் பெட்டியைக் கொண்டுவந்து அம்மா முன்னால் தொப்பென்று வைத்தாள். "கோணம் பாக்கியிருக்கு. பரீட்சைக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு."

கோணம் அம்மாவுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. பாகைமானியில் எண்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடுகின்றன, எதைப் படிப்பது என்று ஒவ்வொரு தடவையும் குழம்பினாள். தேர்விலும் அறுபது பாகைக்கு நூற்றிருபது என்று எழுதிவிட்டு வந்தாள். நூற்றுக்கு அறுபத்து நான்கு. ஐம்பது எடுத்தால் போதும். முடிவு ஒட்டிய பலகைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். தன் வரிசை எண்ணை விரலால் தொட்டுத் தொட்டு மூன்று தடவை சரிபார்த்தாள்.

மகள் விடைத்தாளை வாங்கிப் பார்த்து, "நான் அரையாண்டுல எண்பத்தொண்ணு" என்றாள். பிறகு, "ஆனா நீ வேலைக்கும் போனியே" என்று சேர்த்துக்கொண்டாள்.

அதற்கடுத்த மாதம் சல்லடை அக்காவை மறுபடி அளவு எழுத விட்டார்கள். கோடையில் ஆபரேட்டருக்கு உதவியாளாகப் பானல் அறைக்கு மாற்றினார்கள். சல்லடைக்கு வேறு ஆள் வந்தாயிற்று, பட்டப்பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

ஒருநாள் மழைக்குப் பிறகு ஆறு கலங்கி வந்தது. மருந்தைக் கூட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். ஆபரேட்டர் கணக்குப் போட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "ஒரு தடவை சரி பார்த்துடும்மா."

அவள் அந்தத் தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். "உங்களோடதைப் பார்த்துட்டா என் கை தானா அதே வழில போயிடும்ணே. நான் தனியாப் போடறேன். ரெண்டும் ஒத்து வந்தா அப்புறம் திருகைத் தொடுவோம்."

அறையின் இரண்டு கோடியில் இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்தார்கள். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவர் இருபத்தாறு என்றார். அவள் இருபத்தைந்து என்றாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் தாளைத் திருப்பி, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.